ஃபேனை நிறுத்துங்க, பலூனை ஊதுங்க

நூத்தி ரெண்டு!

நேத்து சாயங்காலம் எங்க பில்டிங் பார்க்கிங்ல என் மகளும் நானும் ஒரு பந்தை நூத்தி ரெண்டு தடவை விடாம அடிச்சோம். நூத்தி மூணாவது அடியில பந்து ஒரு ஸ்கூட்டருக்கு அடியில உருண்டு போயிடுச்சு. வாட்ச்மேன் சாச்சா நாற்காலியில உட்கார்ந்தபடியே இந்தியில எண்ணிட்டு வந்தார். மகள் தமிழ்ல எண்ணினா. ரெண்டு பேர் கணக்கும் ஒண்ணா வந்துச்சு. சாச்சா எழுந்து நின்னு கை தட்டினார் பாருங்க, புள்ளைக்கு அப்படி ஒரு வெக்கம். என் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

(ஒரு தடவை தரையில பட்டு எழும்பலாம். ரெண்டாவது தடவை பட்டா போச்சு. டென்னிஸ் சட்டமே அதுதான்.)

போன வருஷம் இதே புள்ளைதான் "எனக்கு டென்னிஸ் வேண்டாம்மா"ன்னு தலையணையில முகத்தை வெச்சு அழுதா. நடுவுல என்ன நடந்துச்சுன்னு எழுதணும்னு ராத்திரியே தோணுச்சு. கொஞ்சம் நீளமாத்தான் போகும். டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, 2025 பிப்ரவரி. சர்ச்கேட் பக்கத்துல கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுல மும்பை ஓப்பன் நடந்துச்சு. (கிரிக்கெட் கிளப்புல டென்னிஸ். எங்க ஊர் அப்படித்தான்.) கோயம்புத்தூர்ல இருந்து வந்த மாயா ராஜேஷ்வரன், 15 வயசுப் பொண்ணு, தகுதிச் சுற்றுல இருந்து ஆடி ஆடி அரையிறுதி வரைக்கும் வந்துட்டா. அங்கதான் ஜில் டைக்மான் கிட்ட தோத்தா, அந்த டைக்மான்தான் கோப்பையையும் வாங்கினது. அந்த வாரம் பூரா எங்க வீட்டுல அதே பேச்சு. ஃபோன்ல படத்தைக் காட்டினேன். அப்ப மகளுக்கு ஆறு வயசு. அவ கேட்ட முதல் கேள்வி:

"அந்த அக்கா நம்மள மாதிரி தமிழ் பேசுவாங்களா?"

பேசுவாங்கன்னேன்.

"அப்ப எனக்கும் பேட் வாங்கிக் குடு."

பேட் இல்லடி, ராக்கெட். சரி, வாங்கிட்டேன். அங்கதான் முதல் தப்பு.

கடையில போய் "நல்லதா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டேன். 27 இஞ்ச் ராக்கெட்டை எடுத்துக் குடுத்தாங்க. "வளர்ற புள்ளைதானே மேடம், ரெண்டு வருஷத்துல சரியாயிடும்"னு ஒரு வார்த்தை வேற. தீபாவளிக்கு ஒரு சைஸ் பெரிசா பாவாடை எடுக்கிறோமில்ல, அதே கணக்கு. எனக்கும் அப்ப அது நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா 27 இஞ்ச்ங்கிறது பெரியவங்க ஆடுற ராக்கெட். புள்ளை ரெண்டு கையால தூக்கினாலும் முனை தரையைத் தொடும். நாலு நாள்ல மணிக்கட்டு வலின்னா. தைலம் தேய்ச்சு விட்டுட்டு மறுநாளும் அதையே கையில குடுத்தேன். இதை இப்ப நினைச்சாலும் மனசு சங்கடப்படுது.

ராக்கெட் சரியான அளவான்னு பார்க்க ஒரே ஒரு சோதனை போதும். புள்ளையை நேரா நிக்கச் சொல்லுங்க. பிடியைப் பிடிச்சு கையைத் தொங்கவிடச் சொல்லுங்க. ராக்கெட் முனை தரையைத் தொடக் கூடாது. தொட்டா அது பெரிசு. நாலஞ்சு வயசுக்கு 19, 21 இஞ்ச். ஆறேழு வயசுக்கு 23. எட்டு வயசுக்கு மேல 25. அவ்வளவுதான் விஷயம். யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு தைலம் பாட்டில் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து வகுப்பு. எந்த இடம்னு எழுதப் போறதில்ல, அது முக்கியமும் இல்ல. ஒரு மணி நேரம். முப்பது புள்ளைங்க. ஒரே வரிசை. முன்னாடி நிக்கிற புள்ளைக்கு ரெண்டு பந்து போடுவாங்க, அடிச்சுட்டு ஓடிப்போய்க் கடைசியில நிக்கணும். நான் கம்பி வேலிக்கு வெளிய நின்னு எண்ணினேன். அந்த ஒரு மணி நேரத்துல என் மகள் அடிச்சது பதினாலு பந்து. அதுல ராக்கெட்ல பட்டது மூணு. மிச்ச நேரம் எல்லாம் முன்னாடி நிக்கிற பையனோட சட்டைக் காலரைப் பார்த்துட்டு நின்னா.

ரெண்டு மாசம் போனா. அப்புறம்தான் அந்த அழுகை. "டென்னிஸ் பிடிக்கலையா?"ன்னு கேட்டேன். "டென்னிஸ் எங்கம்மா ஆடினேன்? லைன்லதானே நின்னேன்?"

இதுக்கு என்ன பதில் சொல்றது?

எனக்குக் கோபம் வந்துச்சு, நிஜமாவே. கோச் மேல இல்ல, அவரும் வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கத்திட்டுத்தான் இருந்தார். ஒரு ஆளுக்கு முப்பது புள்ளைன்னு போட்ட கணக்கு மேலதான் கோபம். டென்னிஸ்ல சந்தோஷமே பந்து போறதும் திரும்பி வர்றதும்தான். நீ அடிக்கிற, அது திரும்பி வருது, மறுபடி அடிக்கிற. அந்தப் போக்குவரத்தை ஒரு தடவைகூட அந்தப் புள்ளை பார்க்கலையே!

ஒரு சனிக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். வாழை இலை, முருங்கைக்காய், பூ. செம்பூர்லயும் எல்லாம் கிடைக்கும், இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை மாட்டுங்கா போனாத்தான் எனக்கு மனசு ஆறும். அங்க என் சிநேகிதியோட அப்பா இருக்கார், மாமான்னு கூப்பிடுவேன். எண்பது வயசுக்கு மேல. அந்தக் காலத்து டென்னிஸ் பைத்தியம். 1966ல கல்கத்தாவுல டேவிஸ் கோப்பை, பிரேசில்கூட ராமநாதன் கிருஷ்ணன் ஆடினதை ரேடியோவுல கேட்டது பத்தி ஆரம்பிச்சா காபி ஆறிப்போகும். ரெண்டுக்கு ரெண்டுன்னு சமமா நிக்குது, கடைசி ஆட்டம், பிரேசில் ஆட்டக்காரர் தாமஸ் கோச் முன்னாடி இருக்கார், நாலாவது செட்ல கிருஷ்ணன் 2-5ன்னு பின்னாடி. அங்கிருந்து 7-5ன்னு எடுத்து, அஞ்சாவது செட்டை 6-2ன்னு முடிச்சு, இந்தியாவை முதல் தடவையா இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். மாமா இதைச் சொல்லும்போது இன்னிக்கும் குரல் தழுதழுக்கும்.

அவர்கிட்ட எங்க கதையைச் சொன்னேன். கேட்டுட்டு மகளைப் பக்கத்துல கூப்பிட்டார். மேஜை மேல இருந்த ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மெதுவா அவ பக்கம் போட்டார். அவ பிடிக்கல. திரும்பவும் போட்டார். நாலாவது தடவை பிடிச்சுட்டா.

"கொழந்தைக்குப் பந்து எங்க வரப்போறதுன்னே இன்னும் தெரியலம்மா. அதுக்குள்ள ராக்கெட்டை ஏன் கையில குடுத்தேள்? மொதல்ல பிடிச்சுப் பழகட்டும். அப்புறம் தட்டட்டும். அடிக்கறதெல்லாம் ரொம்ப நாள் கழிச்சு."

அப்புறம் ஒண்ணு சொன்னார். கிருஷ்ணனுக்குக் கத்துக் குடுத்தது அவர் அப்பா டி.கே.ராமநாதன். கிருஷ்ணன் மகன் ரமேஷுக்கு அப்பா, தாத்தா ரெண்டு பேரும். நாகர்கோவில்ல பிறந்த கிருஷ்ணன் 1954ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வாங்கினார். 1960, 1961னு ரெண்டு வருஷம் பெரியவங்க போட்டியில அரையிறுதி. ரெண்டு தடவையும் யார்கிட்ட தோத்தாரோ அவங்கதான் அந்த வருஷ சாம்பியன், நீல் ஃப்ரேசரும் ராட் லேவரும். ரமேஷும் 1979ல அதே ஜூனியர் பட்டத்தை வாங்கினார். இந்த வீட்டுல யாருமே பந்தைப் பிளந்து கட்டினவங்க இல்ல. தொட்டுத் தொட்டு ஆடினவங்க. ரமேஷோட சர்வீஸ் அவ்வளவு சாது. அந்தச் சாது சர்வீஸை வெச்சுக்கிட்டே 1989 ஆஸ்திரேலிய ஓப்பன்ல, உலகத்துலயே அப்ப முதல் இடத்துல இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடிச்சார்.

"நம்ம பிள்ளைகளுக்கு ஆதியிலேர்ந்தே மெத்துனு ஆடத்தான் வரும்"னார் மாமா. அது சரியா தப்பான்னு விவாதம் பண்ண நான் வரல. ஆனா ரயில்ல திரும்பி வரும்போது எலுமிச்சம்பழம் மனசுல உருண்டுட்டே இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் படிச்சேன். தெரிஞ்சதுல முக்கியமானது பந்து.

சாதாரண மஞ்சள் பந்தை 254 செ.மீ. உயரத்துல இருந்து விட்டா 135ல இருந்து 147 செ.மீ. வரைக்கும் எழும்பணும். எழும்பலைன்னா அது போட்டிக்கு ஆகாது. சரி, என் மகள் உயரம் அப்ப எவ்வளவு? 115 செ.மீ. அதாவது, பந்து அவ தலைக்கு மேல தாண்டிப் போகுது! அதை எப்படி அடிப்பா? உங்களையும் என்னையும் நிக்க வெச்சு ஏழு அடி உயரத்துல வர்ற பந்தை அடின்னா நாம அடிப்போமா?

இதைச் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே யோசிச்சிருக்கு. 2007ல ஒரு இயக்கம் ஆரம்பிச்சு, சின்னப் புள்ளைங்களுக்கு மூணு வகைப் பந்தைப் பரப்பினாங்க. சிவப்புப் பந்து மஞ்சளைவிட 75 சதவீதம் மெதுவாப் போகும். ஆரஞ்சு 50 சதவீதம். பச்சை 25 சதவீதம். 2012ல இருந்து பத்து வயசும் அதுக்குக் கீழயும் நடக்கிற போட்டிகள்ல மஞ்சள் பந்தே கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க. கோர்ட்டும் சின்னது. முழுக் கோர்ட் 78 அடி நீளம். ஆரஞ்சுக்கு 60 அடி. சிவப்புக்கு வெறும் 36 அடி. வலையும் தாழ்வு, 80 செ.மீ.

(60 அடி ரோட்டுக்கும் 90 அடி ரோட்டுக்கும் நடுவுல தாராவியில வளர்ந்தவ நான். அடிக்கணக்கு எனக்கு உடனே மனசுல பதியும்.)

36 அடிதானே? எங்க பில்டிங் பார்க்கிங்ல ரெண்டு கார் வெளிய போனா 36 அடி கிடைக்கும்! அன்னிக்கு ராத்திரி நான் இன்ச் டேப்பை எடுத்துக்கிட்டு கீழ போய் அளந்தேன். சாச்சா டார்ச் அடிச்சுக் காட்டினார்.

ஆனா பார்க்கிங்கெல்லாம் பின்னாடி. முதல்ல வீடு. எங்க ஹால் பத்துக்குப் பன்னெண்டு. மும்பையில அது பெரிய ஹால்தான், சிரிக்காதீங்க.

ராக்கெட்டைப் பரண்ல தூக்கிப் போட்டேன். ஒரு பலூனை ஊதினேன். சோஃபாவைச் சுவரோட தள்ளினேன். ஃபேனை நிறுத்தினேன். (இதை மறந்தா பலூன் உங்க பேச்சையே கேட்காது. மும்பை மே மாசம் ஃபேன் இல்லாம கால் மணி நேரம், வேர்த்து ஊத்தும்தான். பரவாயில்ல.) ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு நடுவுல துப்பட்டாவைக் கட்டினேன். அதுதான் வலை.

ராக்கெட்டுக்கு என்ன பண்றது? உள்ளங்கையாலதான் முதல்ல தட்டினோம். ரெண்டாம் நாள் எங்க அம்மா வந்திருந்தாங்க, ஊர்ல இருந்து வந்த பனையோலை விசிறி ரெண்டு கொண்டு வந்திருந்தாங்க. திருநெல்வேலிப் பக்கத்து விசிறி, நல்ல கெட்டி முடைச்சல், பிடி நீளமா இருக்கும். மகள் அதை எடுத்துப் பலூனைத் தட்டினா. டப்! என்ன அருமையான சத்தம் தெரியுமா? கனமே இல்ல. மணிக்கட்டு வலிக்காது. முகம் பெருசு, எங்க பட்டாலும் பலூன் போகும்.

அம்மா பார்த்துட்டே இருந்தாங்க. "ஏட்டி, விசிறி கிழிஞ்சுரும்டி"ன்னாங்க. பத்து நிமிஷம் கழிச்சு, "ஏட்டி, எனக்கும் ஒண்ணு போடு"ன்னாங்க. அறுபத்தெட்டு வயசு. அவங்க ஜென்மத்துல முதல் டென்னிஸ் அது. பாட்டியும் பேத்தியும் அன்னிக்கு இருபத்தியாறு தடவை விடாம தட்டினாங்க.

பலூன்ல என்ன விசேஷம்னா, அதுக்கு அவசரமே இல்ல. புள்ளைக்கு யோசிக்க நேரம் குடுக்குது. எங்க வருதுன்னு பார்த்து, அங்க நகர்ந்து, கையைப் பின்னாடி இழுத்து, அப்புறம் தட்டலாம். டென்னிஸ்ல வேணுங்கிற எல்லாமே அந்த நாலு செகண்டுல இருக்கு. பந்துல அதெல்லாம் அரை செகண்டுல நடக்கும். அதனாலதான் புள்ளைங்களுக்குப் பிடிபடாம போகுது.

எண்ணிக்கை விஷயம் தானா வந்தது. மகளுக்கு வெளிய எல்லாம் இந்தி, மராத்தி. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ். வீட்டுல மட்டும் தமிழ். எண்ணும்போது "பதினெட்டு, பத்தொம்பது, பீஸ்"னு தாவிடுவா. அதனால ஒரு சட்டம் போட்டோம்: தமிழ்ல தப்பில்லாம எண்ணினாத்தான் அந்த அடி செல்லும். மூணே வாரம். எழுபது எண்பது தொண்ணூறு குழப்பம் எல்லாம் தீர்ந்துச்சு. டென்னிஸ் சொல்லித் தரப்போய்த் தமிழ் எண் வந்த கதை இது. ஒவ்வொரு நாளும் எத்தனைன்னு தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கிறதுக்கு முன்னாடி அதுலயே எழுதி வைப்போம். அந்தத் தாளையெல்லாம் ஒரு கிளிப் போட்டு வெச்சிருக்கா. முதல் தாள்ல 3ன்னு இருக்கு.

எதிர்ல நிக்கிறவங்க எதிரி இல்லங்கிறதும் இதுல வந்துடுச்சு. எண்ணிக்கை ஏறணும்னா எனக்கு வசதியா அவ அடிக்கணும், அவளுக்கு வசதியா நான் அடிக்கணும். ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம் இன்னும் கொஞ்ச நாள் கழிச்சுத் தானா வரும். ஆறு வயசுல அதை நாம கொண்டு வந்து நடுவுல வைக்கணுமா? வேண்டாம்ங்கிறதுதான் என் தீர்மானமான கருத்து.

ஜூன் வந்துச்சு, மழை வந்துச்சு. செப்டம்பர் வரைக்கும் வெளிய எதுவும் நடக்காது. அந்த நாலு மாசம்தான் எங்களுக்கு நல்ல காலம்னு இப்ப தோணுது. பலூன்ல இருந்து சாக்ஸ் உருண்டைக்கு வந்தோம். பழைய சாக்ஸை ஒண்ணுக்குள்ள ஒண்ணு திணிச்சா உருண்டையாயிடும். எழும்பாது, எதையும் உடைக்காது. தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது. ரெண்டு கையால, அப்புறம் ஒரு கையால, அப்புறம் டம்ளரால. அதுக்கப்புறம் ஸ்பாஞ்ச் பந்து. தரையில உருட்டி விட்டு விசிறியால நிறுத்துறது. விசிறி மேல பந்தை வெச்சுக்கிட்டு சமையலறையில இருந்து பால்கனி வரைக்கும் கீழ விழாம நடக்கிறது (குழம்பு தாளிக்கும்போது மட்டும் தடை).

சர்வீஸுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சோம். மாங்காய்க்குக் கல் எறியிற கைவீச்சுதான் சர்வீஸோட கைவீச்சும். செம்பூர் நாலாவது மாடியில மாமரத்துக்கு எங்க போறது? பேப்பர் ராக்கெட் செஞ்சு கட்டில்ல இருந்து ஜன்னல் திரைக்கு எறிஞ்சோம். கை தலைக்கு மேல போய், முழங்கை மடங்கி, அப்புறம் நீளும். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லல நான். இப்ப அவ சர்வீஸ் போடுறதைப் பார்த்தா அதே எறி.

கீழ் வீட்டு ஆன்ட்டிக்குத் தலைக்கு மேல தொம் தொம்னு சத்தம். ஒரு நாள் மேல வந்துட்டாங்க. சண்டை வரும்னு நினைச்சேன். உள்ள வந்து பார்த்தாங்க, பலூனைப் பார்த்தாங்க, உட்கார்ந்து மராத்தியில எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. ராத்திரி எட்டு மணிக்கு மேல ஆடுறதில்லன்னு நாங்களே ஒரு முடிவு எடுத்தோம். அதோட சரி.

இந்த மாதிரி வீட்டு விளையாட்டு நாங்க மட்டும் கண்டுபிடிச்சது இல்ல. ஸ்காட்லாந்துல டன்ப்ளேன்னு ஒரு சின்ன ஊர். அங்க ஜூடி மர்ரேன்னு ஒரு அம்மா, ரெண்டு பசங்களோட வீட்டுல இருக்கிற சாமான்களை வெச்சே இப்படி விளையாடியிருக்காங்க. (அவங்களே ஆட்டக்காரர், பின்னாடி கோச், அது வேற விஷயம்.) மூத்தவர் ஜேமி இரட்டையர்ல உலக முதல் இடத்துல இருந்தவர். இளையவர் ஆண்டி 2013லயும் 2016லயும் விம்பிள்டன் சாம்பியன். ஸ்வீடன்ல பியான் போர்க் சின்ன வயசுல கராஜ் கதவுல மணிக்கணக்கா பந்தை அடிச்சுத்தான் பழகினார். எங்க புள்ளைங்க அப்படி ஆவாங்கன்னு சொல்ல வரல. பெரிய ஆட்டக்காரங்களுக்கும் தொடக்கம் ஒரு கதவுதான், ஒரு அறைதான்னு சொல்றேன்.

மழை விட்டதும் தாராவிக்குப் போனோம், அம்மா வீட்டுக்கு. இதைத்தான் நான் ரொம்ப ஆசையா எழுதணும்னு நினைச்சேன்.

எங்க சந்து நாலு அடி அகலம். ரெண்டு பக்கமும் வீடு, மேல வயர், நடுவுல சாக்கடை மூடி. அந்தச் சந்துல எந்தப் பையன் கையைப் பார்த்தாலும் என்ன இருக்கும் தெரியுமா? டென்னிஸ் பந்து! கிரிக்கெட்டுக்குத்தான். காஸ்கோ பந்து, எலக்ட்ரிக் டேப் சுத்தினது, ரோமம் எல்லாம் உதிர்ந்து மொட்டையானது, ஓட்டை விழுந்து செத்துப்போனது. என் தம்பிங்க ரெண்டு பேரும் அதுலதான் வளர்ந்தாங்க. டென்னிஸ் பந்து கையில இல்லாத புள்ளை தாராவியில இல்ல. டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்ட புள்ளையும் நான் வளரும்போது பார்த்ததே இல்ல. இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லையே!

மகள் விசிறியை எடுத்ததும் சந்துப் புள்ளைங்க எல்லாம் கூடிட்டாங்க. எல்லாருக்கும் விசிறி எங்க போறது? தம்பி பையன் உள்ள ஓடிப்போய் பரீட்சை அட்டையை எடுத்துட்டு வந்தான். அதோட கிளிப்பைப் பிடிச்சுக்கிட்டு அட்டையால தட்டினான். அஞ்சு நிமிஷத்துல சந்துல எட்டு பரீட்சை அட்டை. சின்னப் புள்ளைங்களுக்கு ஸ்பாஞ்ச் பந்து. பெரியவனுங்க கிட்ட அந்த ஓட்டை விழுந்த பந்து. அப்பத்தான் கவனிச்சேன்: கடையில சிவப்புப் பந்து தேடி அலையுறோமே, காத்து இறங்கின பழைய பந்தும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யுது! உள்ள அழுத்தம் இல்ல, அதனால தாழ்வா எழும்பும், மெதுவா வரும். கிரிக்கெட்டுக்கு ஆகாதுன்னு தூக்கிப் போட்ட பந்து இது. (டேப் சுத்தின பந்து மட்டும் வேண்டாம். கனம் ஜாஸ்தி, சர்ர்னு வரும்.)

சட்டத்தைச் சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். "ஒரு தடவை தரையில படலாம்..."

"ஏக் டப்பா தானே அத்தை, தெரியும்!"

கல்லி கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இது புரியும். ஒரு டப்பா, அதாவது ஒரு தடவை தரையில பட்டு எழும்பின பந்தைப் பிடிச்சாலும் அவுட்னு எங்க ஊர்ல ஆடுவோம். பந்து ஒரு தடவை விழுந்து எழும்புற இடம் எதுன்னு அந்தப் பசங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு. பத்து வயசுப் பையன் ஒருத்தன், ராக்கெட்டைப் பார்த்ததே இல்லாதவன், பரீட்சை அட்டையால சுவர்ல அறுபதுக்கு மேல விடாம அடிச்சான். நான் பார்த்துட்டே நின்னேன். இவனுக்கு ஒரு 25 இஞ்ச் ராக்கெட்டும் ஒரு 60 அடி இடமும் கிடைச்சா எப்படி ஆடுவான்? கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு. அடுத்த தடவை போகும்போது பரண்ல கிடந்த அந்த 27 இஞ்ச் ராக்கெட்டை எடுத்துட்டுப் போய்ச் சந்துல இருக்கிற பெரிய பசங்களுக்குக் குடுத்துட்டேன். முறை போட்டு ஆடுறாங்க.

மகளுக்குச் சரியான 23 இஞ்ச் ராக்கெட்டும் சிவப்புப் பந்தும் தீபாவளிக்குத்தான் வாங்கினேன், ஆயிரத்துச் சொச்சத்துக்கு. அதுக்குள்ள அவ கண்ணும் காலும் தயாராயிருந்துச்சு. பிடிக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "ராக்கெட்டுக்குக் கை குடு." யாருக்காவது கை குலுக்குற மாதிரி பிடிச்சா அதுதான் பிடி. மிச்சமெல்லாம் அவளே.

ஞாயித்துக்கிழமை காலையில பார்க்கிங். சாக்பீஸ்ல கோடு. பக்கத்துக் கார் கண்ணாடியில பந்து பட்டுடுமோன்னு ஒருத்தர் கமிட்டியில சொல்லிட்டார். நான் சிவப்புப் பந்தைக் கொண்டுபோய் அவர் கையில குடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவர் சொன்னது, "இது பஞ்சு மாதிரி இருக்கே!" இப்ப அவர் பேரனும் வர்றான். மொத்தம் ஆறு புள்ளைங்க. யாருமே வரிசையில நிக்கிறதில்ல. ரெண்டு பேர் கோட்டுக்கு நடுவுல, ரெண்டு பேர் சுவர்ல, ரெண்டு பேர் பந்து பொறுக்கிக்கிட்டே எண்ணுவாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறும்.

நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுல ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிடுறேன், ஏன்னா நிறைய அப்பா அம்மா இதைத்தான் கேட்கிறீங்க.

ஆடும்போது திருத்தாதீங்க. ஆரம்பத்துல ஒவ்வொரு அடிக்கும் "முழங்காலை மடக்கு, பந்தைப் பாரு, கையை நீட்டு"ன்னு சொல்லிட்டே இருந்தேன். ஒரு நாள் அவ விசிறியைக் கீழ வெச்சுட்டு, "நீ பேசாம இருந்தா நான் நல்லா அடிப்பேன்"னா. சோதிச்சுப் பார்த்தேன். வாயை மூடின அன்னிக்கு எண்ணிக்கை பதினஞ்சு கூடுச்சு. காலண்டர் தாள்ல இருக்கு. இப்ப ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல், அதுவும் ஆட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி.

இன்னொண்ணு, புள்ளை போதும்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க நிறுத்துங்க. பதினஞ்சு நிமிஷம், மிஞ்சிப் போனா இருபது. "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா"ன்னு கெஞ்சும்போது நிறுத்தினா, மறுநாள் சாயங்காலம் அவளே நாற்காலியை இழுத்துப் போட்டுத் துப்பட்டாவைக் கட்டியிருப்பா. எங்க வீட்டுல தினமும் இதுதான் நடக்குது.

வகுப்பே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஒரு நாள் அவளுக்கு நிஜமான கோர்ட் வேணும், என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். போவோம். ஆனா சேர்க்கிறதுக்கு முன்னாடி வேலிக்கு வெளிய நின்னு ஒரு மணி நேரம் எண்ணுவேன், ஒரு புள்ளைக்கு எத்தனை பந்து வருதுன்னு. நீங்களும் எண்ணுங்க. சிவப்புப் பந்து இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அடுத்த இடம் பாருங்க.

சாச்சாவுக்கு நேத்து ராத்திரி கேசரி கொண்டு போய்க் குடுத்தோம். "அடுத்தது இருநூறா?"ன்னு கேட்டார். மகள், "இல்ல சாச்சா, முதல்ல பாட்டிகூட நூறு"ன்னா. இந்த ஞாயித்துக்கிழமை அம்மா தாராவியில இருந்து வர்றாங்க, விசிறியோட.

உங்க வீட்டுல அஞ்சாறு வயசுல ஒரு புள்ளை இருந்தா, கடைக்கெல்லாம் இப்ப ஓடாதீங்க. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி ஃபேனை நிறுத்திட்டு ஒரு பலூனை ஊதுங்க. எத்தனை தடவை தட்டினீங்கன்னு நாளைக்கு எனக்குச் சொல்லுங்க.